உடையாத உண்டியல்



இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. இரு விரல்களுக்கிடையில் அடங்குவது. கைதவறி வீதியில் விழுந்தால் குனிந்து எடுப்பதற்கும் பலர் இன்று மனங்கொள்ளாதது. சில்லறைக் காசைப் பற்றியே சொல்கிறேன். சில்லறையைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஒருநாள் அந்தச் சேமிப்பை உடைத்து, எண்ணி, வேண்டியதை வாங்குவது மனித குலத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. மன்னர்களின் கருவூலங்களைப் பற்றி வரலாற்று நூல்கள் நிறையவே பேசுகின்றன. ஏழை வீட்டு அடுப்படியில் இருந்த மண் உண்டியலின் வரலாற்றைப் பேசுவோர் குறைவு. அதைச் சிறிது பேசிப் பார்ப்போம்.

இந்த எண்ணம் எனக்கு எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு என் தாயார் காலமானார். அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து வீட்டை ஒதுக்கியபோது, அவருடைய பெட்டகத்தின் அடியில் பழைய சேலைத் துண்டாற் சுற்றிய மண் முட்டியொன்று இருந்தது. தூக்கிப் பார்த்தேன். பத்துக் கிலோவுக்குக் குறையாது. அது எங்களுக்குப் புதிய பொருளன்று. அதன் கழுத்திலிருந்த நீளத் துவாரம் வழியாகச் சிறுவயதில் நானும் காசு போட்டிருக்கிறேன். ஆயினும், அதை உடைப்பதா, அப்படியே விடுவதா என்ற கேள்வி எழுந்தபோது நானும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த முட்டியின் கதையை இறுதியிற் சொல்வேன். அதற்கு முன் அதன் முன்னோர்களைக் கண்டு வருவோம்.

முதலிற் சொற்கள். தமிழாசிரியனுக்குச் சொல்லிலிருந்து தொடங்குவதே எளிது. 'காசு' என்னும் நமது சொல் போர்த்துக்கேயர் வாயிற் புகுந்து, பின்னர் ஆங்கிலத்துக்குச் சென்று, தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயங்களைக் குறிக்கும் 'கேஷ்' ஆயிற்று. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறொரு வேரிலிருந்து வந்தது. எனினும் ஒலியால் இரண்டும் ஒன்றாகி நிற்கின்றன. 'சல்லி' என்பது மிகச் சிறிய செப்புக் காசுக்குப் பெயர். நமது சிங்களச் சகோதரர்களோ பணம் முழுவதையுமே 'சல்லி' என்கின்றனர். ஒரு காசுக்கும் பெறாததன் பெயர் இன்னொரு மொழியிற் செல்வம் அனைத்துக்கும் பெயராயிற்று. 'சதம்' என்பது வடமொழியில் நூறு. 1872இல் இலங்கையின் ரூபாவை நூறு பங்காகப் பகுத்தபோது வந்த பெயர் அது. இந்தியா தன் பதினாறு அணாக் கணக்கை விட்டு நூற்றுக் கணக்குக்கு வந்தது 1957இலேதான். இந்த ஒரு காரியத்தில் நாம் எண்பத்தைந்து ஆண்டுகள் முந்திக்கொண்டோம்.

'உண்டியல்' என்ற சொல்லே எல்லாவற்றிலும் சுவையானது. வீட்டு முட்டியும் உண்டியல், கோயில் வாசலில் உள்ள பெட்டியும் உண்டியல். முற்காலத்தில் ஓர் ஊர் வணிகர் மற்றோர் ஊர் வணிகருக்கு எழுதிக் கொடுத்த பணவோலையும் உண்டியல். புலம்பெயர்ந்த பிள்ளை அனுப்பும் பணம் வங்கிக்குப் போகாமற் கைமாறி வீட்டுக்கு வந்து சேருவதையும் நம்மவர்கள் உண்டியல் என்றே சொன்னார்கள். இவை யாவற்றிலும் பொதுவாய் நிற்பது ஒன்றே. இன்று இடுவது நாளை கிடைக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை எப்போது பலிக்கும், எப்போது பொய்க்கும் என்பதே நமது பேச்சின் மையம்.

இன்று நாம் அறிந்த உண்டியல்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று, சின்ன ஆசியாவின் பிரியேனி நகரத்திற் கிடைத்தது. கிறித்துவுக்கு முற்பட்ட இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சிறியதொரு கிரேக்கக் கோயிலின் வடிவில் மண்ணாற் செய்யப்பட்டு, அதன் முகப்பில் காசு இடுவதற்கு ஒரு துவாரமும் வைக்கப்பட்டுள்ளது. யாவாத் தீவில் மஜபாகித் பேரரசுக் காலத்தில், அதாவது 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளில், காட்டுப் பன்றியின் உருவிற் சுட்ட மண் உண்டியல்கள் செய்யப்பட்டன. இந்தோனேசிய மொழியில் 'செலெங்' என்றால் காட்டுப் பன்றி. இன்றும் அங்கே உண்டியலுக்கு 'செலெங்கான்' என்றே பெயர்.

சீனர்கள் உண்டியலுக்கு வைத்த பெயர் இன்னும் பொருள் பொதிந்தது. 'பூமான்' என்பார்கள். நிறைந்ததும் அடித்து உடைக்கப்படுவது என்பது அதன் கருத்து. காசு புக வழியுண்டு, வெளிவர வழியில்லை. ஹான் அரச மரபின் காலத்துக் கதையொன்று பழைய சீனக் குறிப்பு நூலொன்றில் உள்ளது. கொங்சுன் ஹொங் என்ற அறிஞர் அரச சேவைக்குத் தெரிவானபோது நண்பரொருவர் அவருக்கு மூன்று பொருள்களைப் பரிசளித்தாராம். ஒரு கட்டுப் புல், ஒரு பட்டு நூற்கட்டு, ஒரு பூமான். மண்ணுண்டியலை ஏன் கொடுத்தார்? சேர்க்க மட்டும் தெரிந்து, கொடுக்கத் தெரியாதவனுக்கு நேருவது என்ன என்பதை அந்தப் பாண்டம் அவருக்கு நினைவூட்ட வேண்டும் என்பதற்காக. கொங்சுன் ஹொங் பின்னாளிற் பேரரசர் வூவின் முதன்மை அமைச்சராக உயர்ந்தார்.

இந்தக் கதையில் உடைபடுவது தண்டனையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் வரலாற்றை ஊன்றிப் பார்த்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. உடைபட்ட உண்டியலுக்கு வரலாறே இல்லை. அது தன் கடமையை முடித்துவிட்டது. அதன் காசு அரிசியாயிற்று, மருந்தாயிற்று, பிள்ளையின் சட்டையாயிற்று. ஓடுகள் குப்பையிற் போயின. இன்று அரும்பொருட் காட்சிச்சாலைகளிற் கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் வியந்து நோக்கும் காசுப் பானைகள் யாவும் உடைபடாமற் போனவை. நாளை வந்து எடுக்கலாம் என்று ஒருவர் புதைத்து வைத்தார். போரோ, நோயோ, கடலோ, ஏதோ ஒன்று அவரைத் திரும்பி வரவிடவில்லை. நாம் அதற்குப் 'புதையல்' என்று பெயரிட்டு மகிழ்கிறோம். புதையல் என்பது வேறொன்றுமன்று, உரியவர் திரும்பி வராத உண்டியல்.

நமது நாட்டு மண்ணும் இத்தகைய உண்டியல்களை நிறைய விழுங்கியிருக்கிறது. கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளுக்குரிய உரோமச் சிறு செப்பு நாணயங்கள் இலங்கையின் பல இடங்களிற் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து இங்கேயே செய்யப்பட்ட போலி வடிவங்களும் உண்டு. யாழ்ப்பாணத்து மன்னர்கள் வெளியிட்ட, நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் பொறித்த காசுகளும் நமக்குக் கிடைத்துள்ளன. இவற்றையெல்லாம் ஆராய்ந்து எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய ஆங்கில நூல் இத்துறையில் இன்றும் எடுத்துப் பார்க்கப்படுவது. தங்கத்தை மட்டுமே புதைப்பார்கள் என்று நாம் எண்ணுகிறோம். அந்தச் செப்புக் காசுகள் செல்வரின் காசுகளல்ல, சந்தைக் காசுகள். உப்பும் மீனும் வாங்கிய காசுகள்.

இங்கே ஆய்வாளர்களின் ஒரு முறையையும் நேயர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு காசுப் பானை எப்போது மூடப்பட்டது என்பதை அறிய அவர்கள் அதிலுள்ள காசுகளிற் பழையதைத் தேடுவதில்லை, மிகப் பிந்தியதையே தேடுவார்கள். அந்தக் காசு வெளிவந்த பின்னர்தான் பானை மூடப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிந்திய காசெதுவும் இல்லையெனில், சேர்த்த கை நெடுநாள் ஓயாமல் இருந்திருக்க முடியாது. கடைசிக் காசுதான் சேர்த்தவரின் கதையைச் சொல்லும்.

சரி, உரியவர் உயிரோடு இருக்கிறார், உண்டியலையும் உடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, அந்தச் சில்லறையை எண்ணி ஏற்பவர் யார்? இது சிறிய கேள்வியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கொட்லாந்தில் ஒரு வங்கியிற் கணக்குத் திறக்கப் பத்துப் பவுண் வேண்டியிருந்தது. கூலித் தொழிலாளிக்கு அது எட்டாக் கனி. ஆகவே அவனுடைய காசு வைக்கோல் மெத்தைக்குள்ளும் சுவர்ப் பொந்துக்குள்ளும் கிடந்தது. 1810இல் ருத்வெல் என்ற சிற்றூரின் மதகுரு ஹென்றி டங்கன் ஒரு வழி கண்டார். ஆறு பென்ஸ் கொண்டு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் சேமிப்பு வங்கியொன்றை அவர் தொடக்கினார். அதன் பணப்பெட்டிக்கு மூன்று பூட்டுகள். ஒருவர் தனித்துத் திறக்க முடியாது. சிறு சிறு தொகைகளைத் திரட்டிப் பெரிய வங்கி ஏற்கும் தொகையாக ஆக்கியதே அவர் செய்த புதுமை. பலருடைய உண்டியல்களை ஓர் உண்டியலாக்கினார் எனலாம்.

அந்த எண்ணம் விரைவிற் கடல் கடந்தது. தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டனின் காலத்தில், 1832இல், கொழும்பில் இலங்கைச் சேமிப்பு வங்கி தொடக்கப்பட்டது. பிரித்தானியாவில் 1861இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தோன்றியது. அங்கே ஒரு கணக்கில் இடக்கூடிய மிகச் சிறிய தொகை ஒரு சிலிங். அந்த ஒரு சிலிங்கும் இல்லாதவர் என்ன செய்வது? 1880இல் அஞ்சல் மா அதிபராக இருந்த ஹென்றி ஃபோசற் விடை கண்டார். ஒரு பென்ஸ் முத்திரைகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒரு தாளில் ஒட்டிவர வேண்டும். பன்னிரண்டு சேர்ந்ததும் அத்தாளையே ஒரு சிலிங்காக அஞ்சலகம் ஏற்றுக்கொள்ளும். முத்திரைத் தாள் ஏழைப் பிள்ளையின் உண்டியலாயிற்று. ஃபோசற் இளமையிலேயே இரு கண்களையும் இழந்தவர் என்பதை அறியும்போது, சிறிய காசின் பெறுமதியைத் தடவி அறிந்தவர் அவர் என்று எனக்குத் தோன்றும்.

நம் நாட்டில் தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கி 1885இல் வந்தது. ஊர்ப்புறத்துத் தபாற்கந்தோரின் மரப்பலகை யன்னலே எங்கள் பாட்டன்மாருக்கு வங்கியாய் இருந்தது. பின்னர் 1972இல் இலங்கைச் சேமிப்பு வங்கியும் தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கியும் தேசிய சேமிப்பு வங்கிக்குள் ஒன்றாயின. இவ்வரலாறு முழுவதற்கும் அடிப்படை ஒன்றே. கொண்டு வருபவரின் காசு எவ்வளவு சிறிதானாலும் அதை எண்ணி ஏற்க ஒரு யன்னல் திறந்திருக்க வேண்டும்.

சில்லறையே இல்லாது போன காலமும் இந்நாட்டிற்கு வந்ததுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது உலோகம் அருமையாயிற்று. சில்லறைக்குப் பெருந்தட்டுப்பாடு நேர்ந்தது. 1942இல் அரசாங்கம் காகிதத்திற் சதங்களை அச்சிட்டது. அவற்றுள் ஐந்து சதத் தாள் ஒரு விசித்திரம். தபால் முத்திரைகளுக்கு இடையிலுள்ளது போல அதன் நடுவே துளைக்கோடு இருந்தது. கிழித்தால் ஒரு துண்டு மூன்று சதம், மற்றது இரண்டு சதம். காசைக் கிழித்துச் சில்லறை மாற்றிய தலைமுறை அது. போர் முடியுமுன்னரே, 1944இல், பூவிதழ் போல விளிம்பு வளைந்த இரண்டு சதமும் பத்துச் சதமும் பித்தளை நிறத்தில் வெளிவந்தன. மூலை மழுங்கிய சதுர ஐந்து சதமோ 1909 முதல் இருந்து வந்தது. இந்த வடிவ வேறுபாடுகள் அழகுக்காக மட்டும் வந்தவை என்று எண்ணவேண்டாம். விளக்கில்லாத வீட்டில், மடியிலிருந்து எடுக்கும் காசு எதுவென்று விரல் சொல்லிவிடும். என் தாயார் இருட்டில் ஒருபோதும் பிழையான காசு கொடுத்ததில்லை.

சேர்த்த காசுக்கு வேறொரு பகையும் உண்டு. அது செல்லாமற் போவது. 1970இல் நிதியமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா ஐம்பது ரூபா, நூறு ரூபாத் தாள்களைச் செல்லாதவையாக்கியபோது, பெட்டகத்திற் பதுக்கி வைத்திருந்தவர்கள் அவற்றை வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் 2002ஆம் ஆண்டு யூரோ நாணயம் புழக்கத்துக்கு வந்தபோது பன்னிரண்டு நாடுகளின் வீடுகளிலிருந்த போத்தல்களும் உண்டியல்களும் ஒரே காலத்தில் உடைந்தன. அங்கேயும் எல்லா அரசுகளும் ஒரே வகையாக நடந்துகொள்ளவில்லை. ஜேர்மனியின் மத்திய வங்கி பழைய மார்க் தாள்களையும் குற்றிகளையும் காலவரையறை இன்றி மாற்றிக் கொடுக்கிறது. பிரான்சில் பிராங்க் குற்றிகளுக்கான யன்னல் 2005 பெப்ரவரியில் மூடப்பட்டது. பாட்டியின் போத்தலைப் பேரன் பிந்திக் கண்டெடுத்தால், ஜேர்மனியில் அது பணம், பிரான்சில் அது உலோகம்.

செல்லுகின்ற காசையும் ஏற்க மறுப்பதுண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒருவர் 38 ஆண்டுகளாக ஒரு சத நாணயங்களைத் தகரப் பீப்பாய்களிற் சேர்த்தார். 2005இல் அவற்றை மாற்றியபோது 13 இலட்சத்துக்கு மேற்பட்ட நாணயங்கள் இருந்தன. பெறுமதி 13,084 டொலர். அதற்கு முன் அவர் அணுகிய ஊர் வங்கிகள் அவ்வளவையும் எண்ணி ஏற்க முன்வரவில்லை. இறுதியிற் காசு எண்ணும் இயந்திரங்களை நடத்தும் நிறுவனமொன்றே பாரவண்டியை அனுப்பி எடுத்துச் சென்றது. அந்த நாட்டுப் பல்பொருள் அங்காடிகளில் இவ்வகை இயந்திரங்கள் நிற்கின்றன. கொட்டினால் எண்ணித் தாட்காசு பெறுவதற்குச் சீட்டுத் தரும், கூலியாக ஒரு பங்கையும் எடுத்துக்கொள்ளும். எண்ணுவதற்கே விலை வந்துவிட்டது. அந்த ஒரு சதத்தைப் புழக்கத்துக்காக அடிப்பதை அமெரிக்கா 2025 நவம்பரில் நிறுத்திற்று. 1793 முதல் அடித்து வந்த காசு அது. ஒரு சதத்தைச் செய்ய ஒரு சதத்தினும் பலமடங்கு செலவாயிற்று என்பதே காரணம்.

இனி எங்கள் வீட்டு முட்டிக்கு வருகிறேன்.

என் தங்கை பிறந்த சில ஆண்டுகளில் அம்மா அந்த முட்டியைச் சந்தையில் வாங்கினார். தங்கை பெரியவளானதும் அவளுக்கு ஒரு சோடித் தோடு செய்ய வேண்டும் என்பது நோக்கம். சந்தைக்குப் போய் வந்த மிச்சம், கைவிசேடக் காசு, தேங்காய் விற்ற காசு என்று எல்லாவற்றிலும் ஒரு பங்கு அதற்குள் விழுந்தது. கிராம் பொன் சில நூறு ரூபாவுக்கு விற்ற காலம் அது. 1995இல் ஒருநாள் முட்டியைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "தோட்டுக்குக் காணும். தை பிறக்கட்டும், உடைப்பம்" என்றார்.

தைக்கு முன்னரே ஒக்டோபர் 30ஆம் திகதி வந்துவிட்டது. அன்றிரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கிற்று. அதை நான் உங்களுக்கு விபரிக்க வேண்டியதில்லை. அந்த மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு சைக்கிளில் அரிசி மூட்டையும் அம்மம்மாவும். பத்துக் கிலோக் காசை எதில் ஏற்றுவது? ஐயா சொன்னார், "உடைச்சுப் பங்கு போட்டுக் கொண்டு போவம்." அம்மா சம்மதிக்கவில்லை. "ரெண்டு கிழமையிலை வந்திடுவம்" என்று சொல்லிக் கிணற்றடிக் கமுகின் கீழே குழி தோண்டி முட்டியைப் புதைத்தார். மண்ணை மிதித்து மூடி, மேலே வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

இரண்டு கிழமை ஆறு மாதமாயிற்று. தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தின் மூலையில் இருந்தோம். கொண்டுபோன அரிசி முடிந்தது. ஐயாவுக்குக் காய்ச்சல் வந்தது. கடைசியில் தங்கையின் காதிற் கிடந்த சின்னத் தோட்டையே விற்றோம். புதுத் தோட்டுக்காகச் சேர்த்த காசு கிணற்றடியிற் கிடக்க, இருந்த தோடு அரிசியாயிற்று. தங்கை அழவில்லை. வேப்பங்குச்சியை ஒடித்துக் காதிற் செருகிக்கொண்டாள். அதைப் பார்த்து அம்மாதான் அழுதார்.

1996 வைகாசியில் ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை. கமுகும் இல்லை, அடி மட்டும் இருந்தது. தோண்டினோம். முட்டி ஒரு கீறலும் இன்றி அப்படியே வந்தது. ஐயா உடைக்கப் போனார். அம்மா தடுத்தார். "உதை உடையாதையுங்கோ. உது கிடக்கட்டும். திரும்பவும் ஓடவேண்டி வந்தால்?" என்றார். அன்றிலிருந்து அது காசு என்ற நிலை மாறிக் காவல் என்ற நிலைக்கு வந்துவிட்டது. தங்கைக்குத் தோடு பின்னர் வேறு வழியில் வந்தது. முட்டி பெட்டகத்தின் அடியிலேயே இருந்தது.

2023இல், அம்மா போனபின், நானும் தங்கையும் பாய் விரித்து, அம்மிக் குழவியால் அதை உடைத்தோம். விடியும்வரை எண்ணினோம். மொத்தம் 3,433 குற்றிகள். ஐந்து ரூபா 9, இரண்டு ரூபா 118, ஒரு ரூபா 543, மிகுதி யாவும் சதங்கள். பெறுமதி 1,311 ரூபா 80 சதம். எண்ணி முடிந்ததும் தங்கை ஒவ்வொரு குற்றியிலும் ஆண்டைப் பார்க்கத் தொடங்கினாள். 1994ஆம் ஆண்டு பொறித்த ஒரு ரூபாக் குற்றியே எல்லாவற்றிலும் பிந்தியது. அதற்குப் பிந்தியது ஒன்றுமில்லை. அந்த முட்டியை இருபத்தேழு ஆண்டுகள் காவல் காத்த அம்மா, ஊர் திரும்பிய பின் அதற்குள் ஒரு காசுதானும் போடவில்லை என்பதை அப்போதுதான் அறிந்தோம். ஆய்வாளர்களின் முறையை முன்னர் சொன்னேன் அல்லவா? கடைசிக் காசு கதை சொல்லிற்று. 1995இல் எங்கள் வீட்டில் முடிந்துபோனது எது என்பதை அந்த ஒரு ரூபா சொல்லிற்று.

மறுநாள் ஒரு வங்கிக்குக் கொண்டு போனேன். யன்னலில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். "சேர், சதக்குத்தி எடுக்கிறேல்லை. ரூபாக்குத்தியளை நூறு நூறாப் பிரிச்சுக் கட்டிக்கொண்டு வாங்கோ." சதத்தை எவரும் சட்டம் போட்டு ஒழித்ததாக நான் அறியேன். 1970இன் பெருந்தாள்களுக்கு வந்தது போன்ற பிரகடனம் அதற்கு வரவில்லை. கடைக்காரர் வாங்காது விட்டார், பிள்ளைகள் கேட்காது விட்டார்கள், அது தானாகவே ஒதுங்கிப் போயிற்று. பெரிய காசு அரச கட்டளையால் இறக்கிறது. சிறிய காசு கேட்பாரின்றி இறக்கிறது.

பிரித்துக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 824 ரூபா ஏற்றுக்கொண்டார்கள். தங்கையின் மகள் பெயரில் உள்ள சிறுவர் சேமிப்புக் கணக்கில் இட்டோம். 1995இல் டொலர் ஒன்று ஐம்பது ரூபா அளவில் நின்றது. 2022இன் நெருக்கடியில் அது முந்நூற்றைம்பதைத் தாண்டிற்று. நாங்கள் முட்டியை உடைத்த ஆண்டில் கிராம் பொன் பதினைந்தாயிரம் ரூபாவுக்கு மேல். ஒரு சோடித் தோட்டுக்குச் சேர்த்த காசு, அந்தத் தோட்டின் சுரைக்கும் காணாது. கள்வர் வரவில்லை, கறையான் அரிக்கவில்லை. முட்டி உடையவே இல்லை. ஆனாலும் உள்ளிருந்ததைக் காலம் தின்றுவிட்டது.

மிஞ்சிய 2,763 சதக் குற்றிகளையும் ஒரு போத்தலிற் போட்டு எங்கள் பாடசாலைக்குக் கொண்டு போனேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சதுரக் காசையும் பூவிளிம்புக் காசையும் தடவிப் பார்த்தார்கள். சதம் என்ற சொல்லைக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் கண்டவர்கள் அவர்கள். ஒரு மாணவன் கேட்டான், "சேர், இவ்வளவுக்கும் அப்ப என்ன வாங்கியிருக்கலாம்?" ஆறு மாதத்தில் ஒரு கிழமைக்காவது அரிசி வாங்கியிருக்கலாம் என்று சொல்ல நினைத்தேன். "கனக்க வாங்கியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

அன்பர்களே, சிறுதுளி பெருவெள்ளம் என்ற பழமொழியைச் சொல்லிச் சேமிக்கும்படி பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். அது தேவையான போதனையே. அதன் மறுபாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வெள்ளம் வயலுக்குப் பாய வேண்டும், குளத்திலேயே வற்றிவிடக் கூடாது. என் தாயாரை நான் குறை சொல்லவில்லை. ஓடி வந்தவருக்குக் கையிற் காசைக் காட்டிலும் மடியிற் காவல் பெரிது. எனினும் உங்கள் வீட்டிலும் எங்கோ ஒரு முட்டி, ஒரு போத்தல், ஒரு பால்மாப் பேணி கிடக்கும். இன்றைக்கே அதை எடுத்துப் பாருங்கள். எதற்காகச் சேர்த்தோம் என்று கேளுங்கள். அந்தத் தேவை வந்துவிட்டதாயின் உடையுங்கள். சில்லறையை எண்ணி ஏற்கும் யன்னல் திறந்திருக்கும்போதே கொண்டு போங்கள்.